வேலிக்குள்ளிருந்து சாமிக்குப் போன கதிர்

"அடிச்சது யாருன்னு நீ பாத்தியா?"

தென்காசி பெரியாஸ்பத்திரியில், எலும்பு வார்டுக்கு வெளியே, ஏட்டையா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பார்த்திருந்தேன். நாலு எட்டு தூரத்தில் நின்று பார்த்திருந்தேன். மம்பட்டியின் மரப்பிடியான கணை எத்தனை தடவை இறங்கியது, எந்த அடியில் விரல் எலும்பு ஒடிகிற சத்தம் கேட்டது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டுவிட்டு நோட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எழுதுகிறேன். அடித்தவர் கணேசமூர்த்தி. என் அப்பா.

அடி வாங்கியவர் இசக்கிப்பாண்டி. ஐம்பத்திரண்டு வயது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் பனையடிக்குளம் வரும். அங்கே எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அதுவும் அப்பா இல்லாத நேரத்தில். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இதற்கு முன் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. இதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி மாமாவும் அவர் மனைவி ஆனந்தவள்ளி அத்தையும் சொன்னது.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் உள்ள பகை தண்ணீரில் தொடங்கியது. எங்கள் ஊர் வயலுக்குச் சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வரும். முறை வைத்து மடை திறப்பார்கள். எனக்கு ஒரு வயது ஆகும்போது ஒரு பிசானத்தில், அதாவது புரட்டாசி ஐப்பசியில் விதைக்கிற இரண்டாம் போகத்தில், தண்ணீர் குறைந்துவிட்டது. அப்பா தன் முறை முடிந்தும் மடையை அடைக்கவில்லை. மாமாவின் வயல் கதிர் வாங்குகிற நேரத்தில் வெடித்துக் கிடந்தது. அவர் வந்து கேட்டபோது அப்பா மடைமேல் காலை வைத்துக்கொண்டு சொன்னாராம்:

"ஒன் முறை நாளைக்குத்தாம்லே. போயிப் படு."

மாமா கையில் மம்பட்டி இருந்தது. ஒரே வெட்டு. அப்பாவின் இடது காது மடலில் பாதியைக் கொண்டுபோய், தோளில் போய் நின்றது. அப்பா மடையிலேயே குறுக்காக விழுந்துவிட்டார். கணேசமூர்த்தி விழுந்துதான் மடை அடைபட்டது என்று ஊரில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா இருக்கும்போது சிரிக்க மாட்டார்கள்.

மாமா நாலு வருஷம் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார். திரும்பி வந்தபிறகு அவர் யாரையும் கை நீட்டியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் ஒருநாள் மட்டும் அவர் கையில் அரிவாளைப் பார்த்து ஊர் பயந்தது. அவர் குத்தகைக்கு ஒரு ஏக்கர் எடுத்துப் பயிர் வைத்தார். இரண்டு வருஷம் தொடர்ந்து குலைநோய் விழுந்தது. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கும், உள்ளே அத்தனையும் பதர். இரண்டாவது வருஷம் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கி, விடிந்ததிலிருந்து உச்சி வரை ஒரு ஏக்கர் பயிரையும் கண்மண் தெரியாமல் வெட்டிச் சாய்த்தார். தடுக்கப் போன ஆனந்தவள்ளி அத்தைக்கு முழங்கையில் வெட்டு விழுந்தது. ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் நிறுத்தினார். அதோடு குத்தகையை விட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் ஊருக்கு ஒரு விதைக் கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். ஊருக்கு மேற்கே எழுபது சென்ட் வயலை எடுத்து, இரண்டாள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டு, மேலே வலை கட்டி, போர்வெல் போட்டார்கள். புதிய நெல் ஒன்றைச் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். காவலுக்கும் வயல் வேலைக்கும் மாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள். வயலைப் பார்த்துக்கொள்ள ஸ்வாதி என்று ஒரு அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். விவசாயக் கல்லூரியில் படித்தவர். அது என்ன நெல் என்று மாமா கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

"காட்டுல தானா மொளைக்கிற ஒரு நெல் இருக்குங்க. அதுக்கு குலைநோயே வராது. அதுல இருந்து ஒரு மரபணுவை எடுத்து, நீங்க போடற குண்டு நெல்லுக்குள்ள வெச்சிருக்கோம்."

"வீட்டு நாய்க்குக் காட்டு நாயோட பல்ல வச்ச மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணாச்சி."

"கடிக்குமா?"

"நோயைத்தான் கடிக்கும்."

மாமா அந்தப் பதிலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலிக்குள் நிறைய சட்டம் இருந்தது. உள்ளே போட்ட செருப்பு வெளியே வரக்கூடாது. வெளியே வரும்போது காலைக் கழுவி, வேட்டியை உதற வேண்டும். ஒரு நெல் மணிகூட வெளியே போகக்கூடாது. கணக்கெடுத்து முடித்ததும் வைக்கோல், பதர், நெல் எல்லாவற்றையும் உள்ளேயே எரித்துவிட வேண்டும். விளைந்த நெல்லை எரிப்பதா என்று மாமா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். இது மனிதர்கள் சாப்பிடலாம், விதைக்கலாம் என்று அரசாங்கம் எழுதித் தரும்வரைக்கும் இப்படித்தான் என்று ஸ்வாதி அக்கா விளக்கினார். மாமா அதை ஏற்றுக்கொண்டார்.

வயலைச் சுற்றி நாலு வரிசைக்கு மட்டும் சாதாரணக் குண்டு நெல்லை நட்டிருந்தார்கள். நடுவில்தான் புது நெல். பங்குனிக் கடைசியில் போர்வெல் தண்ணீரில் நட்டது. ஆடியில் முற்றியது. ஓரத்து வரிசைகளில் குலைநோய் விழுந்து கழுத்துக் கழுத்தாகக் கறுத்தது. நடுவில் ஒரு கதிர் கறுக்கவில்லை. மாமா தினமும் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பாராம். "அழுகையா வந்துச்சு மஞ்சு" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்.

இனி சாமி விஷயம். செங்கோட்டைப் பக்கத்து ஊர்களில் இருப்பது போல எங்கள் ஊர் சாஸ்தா கோவிலிலும் ஆடியில் நிறைபுத்தரிசி உண்டு. விடியற்காலையில் புதுக் கதிர் அறுத்துக் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். பூசை முடிந்ததும் பூசாரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி கதிர் கொடுப்பார். கதிர் கொண்டுவருகிறவர் வீடு போக முப்பத்தெட்டு வீடு. அதை வாசல் நிலையில் கட்டுவார்கள். விதைநெல் ஊறப்போடுகிற அன்று அந்தக் கதிரை உருவி விதையோடு கலப்பார்கள். அப்படிக் கலந்தால்தான் விதை பொங்கும் என்று நம்பிக்கை.

கதிர் கொண்டுவருவது குடும்பத்துக்குக் குடும்பம் முறை. ஜெயிலுக்குப் போனதால் மாமாவின் முறையைப் பறித்துவிட்டார்கள். பதினேழு வருஷம் கழித்து இந்த வருஷம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கோவில் கூட்டத்தில் அப்பா எழுந்து கத்தினார்.

"ஆளை வெட்டுன கையாலயா சாமிக்குக் கதிர் வரணும்?"

பூசாரி குற்றாலீஸ்வரன் வயதானவர், சத்தம் போட மாட்டார். "சாமி கையப் பாக்காது கணேசமூர்த்தி. முறையத்தான் பாக்கும்" என்றார்.

"வரட்டும். மம்பட்டிய மட்டும் வீட்ல வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அறுந்த காதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் மாமாவிடம் நின்று, "கதிர் இல்லாம அன்னைக்கு நீ கோயில் படி ஏறுனேன்னா, ஒன் குடும்பத்துக்கு இனி முறையே கெடையாது. கேட்டுக்கோ" என்றார். 

இந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது. அருவியில் ஆனி முழுக்கத் தண்ணீர் விழவில்லை. கார் சாகுபடிக்கு யாரும் விதைக்கவே இல்லை. ஆகவே கதிர் எங்கேயும் இல்லை. மாமா மூன்று நாள் டிவிஎஸ்ஸில் அலைந்தார். சுரண்டைக்குப் போனார், வாசுதேவநல்லூருக்குப் போனார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி கண்ணுக்கெட்டிய தூரம் பூத்துக் கிடந்ததாம், போட்டோ எடுக்கிற கூட்டம் வேறு. நெல் மட்டும் ஒரு கதிர் இல்லை.

விடிந்தால் பூசை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனார்.

அவர் நினைத்திருந்தால் ஓரத்து வரிசையில் அறுத்திருக்கலாம். அது சாதா நெல். கருப்பு விழாத கதிர் தேடினால் கொஞ்சம் கிடைத்திருக்கும். அறுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் நோய் விழுந்த வரிசையிலிருந்து சாமிக்கு அறுப்பதா? சாமிக்கு என்றால் இருப்பதிலேயே நல்லதுதான் போக வேண்டும். அவர் நடு வயலுக்குப் போய், இருப்பதிலேயே நீளமான கதிராகப் பார்த்து அறுத்தார். காலைக் கழுவினார். வேட்டியை உதறினார். அறுத்த கதிரைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சட்டத்துக்குப் பயப்படலையா மாமா?" என்று நான் கேட்டேன்.

"எலிக்கு, மயிலுக்கு, மனுசனுக்குப் போவக்கூடாதுன்னாங்க. சாமியப் பத்தி ஒண்ணும் சொல்லல மஞ்சு. நானும் கேக்கல."

அன்றைக்குக் கோவிலில் அந்தக் கதிரைப் பார்த்து ஊரே முண்டியடித்துக் கிட்ட வந்தது. பூசாரி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். அப்பாவும் ஒரு பிடி வாங்கினார். வாங்காமல் இருக்க முடியாது, அது சாமி கொடுப்பது. எங்கே அறுத்தாய் என்று யாரோ கேட்டதற்கு, "மேக்க" என்று மட்டும் மாமா சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, கோயம்புத்தூர் போயிருந்த ஸ்வாதி அக்கா திரும்பிவந்து வரிசைகளை எண்ணினார். நடுவில் கதிர் குறைந்திருந்தது. மாமா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அக்கா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுலயா அறுத்தீங்க? ஓரத்துல அறுத்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"சாமிக்குல்லாம்மா. இத தின்னா ஆளு செத்துருவாங்களா?"

"சாகமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆகாதுன்னு இன்னும் முழுசா சோதிச்சு முடிக்கல. அதைவிட, விதைச்சுட்டா ஊர் நெல்லோட கலந்துரும். அப்புறம் எது எதுன்னு பிரிக்கவே முடியாது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவங்க வயல்ல வெச்ச மாதிரி ஆயிரும்."

அவர் மேலதிகாரிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் வந்த பதிலை மாமாவும் கேட்டார். மயில் தின்றுவிட்டதாக எழுது, ஊருக்குள் மூச்சு விடாதே என்றது அந்தக் குரல். அக்கா போனை வைத்துவிட்டு அழுதார்.

மாமாவுக்கு அது ஒத்துவரவில்லை. "மயிலா வந்து வீட்டு வீட்டுக்குக் கட்டுச்சு?" என்று கேட்டார். பூசைக்கு முன்தினமே சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது, கால்வாயில் அன்றுதான் வந்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் ஊரே விதை ஊறப்போட்டு நாற்றங்கால் பாவிவிடும். அதற்குள் முப்பத்தெட்டு பிடி கதிரும் திரும்பி வர வேண்டும். மறுநாள் காலையில் ஒரு வெள்ளைச் சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

முதல் வீடு சுடலைமணி அண்ணாச்சி வீடு. மாமா அவரிடம் நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சி நிலையிலிருந்து கதிரை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்வே, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குதீரே. நாளைக்கு வந்து வெத்தலை பாக்கையும் கேப்பீரோ?"

"இது எழுதித் தராத நெல்லு அண்ணாச்சி. தெரியாம குடுத்துட்டேன்."

"எழுதித் தந்த நெல்லு மட்டும் வெளஞ்சு கிழிச்சுட்டாக்கும். இந்தாரும், கொண்டு போரும்."

இப்படியே பதினாலு வீடு போயிற்று. சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள், எல்லோரும் கொடுத்தார்கள். அவர் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. பதினைந்தாவது இசக்கியப்பன் வீடு. அங்கே தொழுவில் அவர்களுடைய கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, நாக்கு வெளியே தள்ளி. (அது யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்திருந்தது என்று பிறகு மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொன்னார். பிறகு சொல்லி என்ன?) இசக்கியப்பன் மாமாவின் பேச்சைக் கேட்டார், நிலையில் தொங்கிய கதிரைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார்.

"அந்தக் கதிருல ரெண்டு மணி உதுந்து கெடந்துச்சு. அதத்தான் தின்னுருக்கு" என்றார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, "விச நெல்ல சாமிக்குப் போட்டுட்டாம்லே" என்று கத்தினார்.

அந்த ஒரு வார்த்தை டீக்கடைக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அப்போது குழாயடியில் குடத்தோடு நின்றேன். அப்பா எனக்கு முன்னால் ஓடினார். வயலுக்குப் போகக் கிளம்பியவர், கையில் மம்பட்டி இருந்தது. ஓடும்போதே கல்லில் தட்டிக் கணையைத் தனியாகக் கழற்றினார். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இரும்பைக் கீழே போட்டுவிட்டாரே என்று நினைத்தேன்.

கூட்டம் மாமாவைத் தெருவின் நடுவில் வளைத்துக்கொண்டது. முதலில் செருப்புகள்தான் விழுந்தன. யாரோ முகத்தில் துப்பினார்கள். மாமா, "வெசம் இல்ல, சொல்லுதத கேளுங்க, வெசம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பதினேழு வருசமா காத்துக் கெடந்தேம்லே" என்றார்.

விஷ நெல்லைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் அன்றே கவனித்தேன்.

முதல் அடி தோள்பட்டையில். இரண்டாவது விலாவில். மாமா சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். இசக்கியப்பன் சாக்கைப் பிடுங்கப் பார்த்தார், அது வரவில்லை. "விடுலே கைய" என்று அப்பா சாக்கைப் பிடித்திருந்த விரல்கள் மேல் அடித்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். முருங்கைக்கொம்பு ஒடிவது போல இருந்தது. அப்போதும் அவர் விடவில்லை. கீழே விழுந்து சாக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகில் ஏழு அடி நான் எண்ணினேன். மற்றவர்கள் மிதித்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மிதித்துவிட்டு, மற்றவனிடம் செல்போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லி, திரும்பவும் மிதித்தான்.

அவ்வளவு நேரத்தில் மாமா ஒரு தடவைகூடக் கையை ஓங்கவில்லை. வாயிலிருந்து ரத்தமும் மண்ணும் வந்தது.

பிறகு கூட்டம் வேலிப் பக்கம் திரும்பியது. பெட்ரோல் கேனோடு இரண்டு வண்டி முன்னால் போனது. ஸ்வாதி அக்கா கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டு நின்றார். கடப்பாரையால் கேட்டைப் பெயர்த்தார்கள். அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வரப்பில் தள்ளினார்கள். ஒரு பெண் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அக்கா அழவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினார்:

"பிடுங்காதீங்க, வெளிய கொண்டு போகாதீங்க. எரிக்கணும்னா நின்ன இடத்துலயே எரிங்க."

அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஆனால் நின்ற இடத்திலேயேதான் எரித்தார்கள். வலை உருகிச் சொட்டியது. கொட்டகையும் மோட்டாரும் எரிந்தன. நெல் பொரிகிற வாசனை ஊருக்குள் வந்தது. சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளேயே எரிக்க வேண்டும் என்ற சட்டத்தை அன்றைக்கு எங்கள் ஊர் தன்னை அறியாமல் நிறைவேற்றியது. சட்டப்படி நடந்தது அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு பேர் சேர்ந்து மாமாவைப் புரட்டிய பிறகுதான் சாக்கை எடுக்க முடிந்தது. உள்ளே பதினாலு பிடி கதிரும் அப்படியே இருந்தன. வலது கையில் மூன்று விரல், மணிக்கட்டு, காறை எலும்பு, நாலு விலா எல்லாம் ஒடிந்திருந்தன. நான் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் ஏட்டையா கேட்டார், நான் பேசாமல் நின்றேன். மாமாவிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "கணேசமூர்த்திதான். எழுதிக்கிடுங்க" என்றார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, "இருவத்தி நாலு பாக்கி இருக்கு. நாளைக்கு ஊறப் போட்டுருவாங்க" என்றார்.

"சாவக் கெடந்துக்கிட்டு கதிரு கதிருங்காரு" என்று அத்தை என்னிடம் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலமே ஊருக்கு வந்தாள். அதே சாக்கு, ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நானும் கூடப் போனேன். அத்தை ஒவ்வொரு வாசலிலும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலையில் மிதித்தவர்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் முன்னாலும் நின்றாள், அது திறக்கும் வரை. இசக்கியப்பனின் மனைவி கதிரைப் போடும்போது சாக்கைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்துப் போடு தாயி. மணி உதுந்துரப் போவுது" என்று மட்டும் அத்தை சொன்னாள்.

முப்பத்தேழு பிடி சேர்ந்தது. பாக்கி எங்கள் வீடு.

எங்கள் வீட்டு நிலையில் கதிர் இல்லை. அப்பா அதைப் பூசை அன்றைக்கே உருவி, விதைநெல் வைத்திருந்த நீல டிரம்மில் போட்டுக் கலக்கிவிட்டிருந்தார். டிரம்மில் வாய் வரை, ஒரு கோட்டை விதைநெல் இருந்தது. அதில் எது சாமி நெல், எது எங்கள் நெல் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா போலீசுக்குப் பயந்து தோப்பில் இருந்தார். விடிந்தால் யாரையாவது அனுப்பி ஊறப்போடச் சொல்லுவார்.

நெல்லை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவிக்கலாம் என்று நினைத்தேன். அவித்த நெல் முளைக்காது, இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். அம்மா வந்து பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  தென்னம்மட்டையைக் கொண்டுவந்து அடுப்பில் தள்ளினாள். நாலு தடவையாக அவித்தோம்.

கடைசி அண்டா வெந்துகொண்டிருந்தபோது அப்பா கொல்லை வழியாக வந்தார். வாசனையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, வெதநெல்லுட்டி" என்றார்.

நான், "அதுல அந்தக் கதிரு கெடக்குப்பா" என்றேன்.

"வெதநெல்லுட்டி அது."

அண்டாவைக் காலால் எட்டி உதைத்தார். கொதித்த நெல் அவர் காலிலேயே கொட்டியது. அந்த வலியோடு என்னை அடித்தார். என் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சுவரில் சாத்தியிருந்த வேறொரு கணையை எடுத்து என் முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த அடிக்கு அம்மா குறுக்கே வந்து முன்கையில் வாங்கினாள்.

"இன்னும் ஒரு அடி வச்சீருன்னா, இந்தத் தண்ணிய ஒம்ம தலையில ஊத்துவேன்" என்று அம்மா சொன்னாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கையில் நிஜமாகவே கொதிதண்ணீரோடு செம்பு இருந்தது. அப்பா காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் அதே பெரியாஸ்பத்திரியில் வைத்துத்தான் அவரைக் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் வந்து சித்தப்பா வீட்டில் இருக்கிறார்.

அவித்த நெல்லைக் குழி தோண்டிப் புதைத்தோம். சாக்கில் இருந்ததை ஸ்வாதி அக்கா நிறுத்து, எண்ணி, எழுதி, எங்கள் கண் முன்னால் எரித்தார். மயில் கதையை அவர் எழுதவில்லை, நடந்ததை எழுதினார். அதனால் அவருக்கு வேலை போய்விட்டது. முப்பத்தெட்டும் முடிந்தது என்று மாமாவிடம் சொல்ல நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூசாரி குற்றாலீஸ்வரன் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பூசாரியின் முகம் சரியில்லை.

"முப்பத்தொம்பது மஞ்சு" என்றார் மாமா. "நான் ஒரு பிடி கூடக் கட்டியிருந்தேன், கோயிலுக்குன்னு. அத இவரு குடுத்துட்டாராம்."

பூசை அன்று குற்றாலத்தில் குளிக்க வந்த ஒரு குடும்பம் வழியில் எங்கள் கோவிலைப் பார்த்து இறங்கியிருக்கிறது. வெள்ளை கார். தலை ஈரத்தோடு ஐந்து பேர். கதிரைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் வடக்கே வயல் இருக்கிறது, விதையில் கலக்க ஒரு பிடி கொடுங்கள் என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். பூசாரி கொடுத்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

மாமா இப்போது வீட்டில் இருக்கிறார். விரல்களில் கம்பி வைத்திருக்கிறார்கள். மம்பட்டி பிடிக்க முடியாது, சோறு இடது கையால்தான் சாப்பிடுகிறார். தெருவில் அவரோடு பேசுகிறவர்கள் சுடலைமணி அண்ணாச்சியும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும்தான். நான் போகும்போதெல்லாம் அவர் வேறு எதுவும் கேட்பதில்லை. "அந்த ஒண்ணு கெடச்சுதா?" என்றுதான் கேட்கிறார். அந்த நெல் நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நல்லதாகவே இருக்கலாம். குலைநோய் விழாத கதிரை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆனால் விதைக்கிறவருக்குத் தெரிந்து விதைக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் விரல் ஒடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஆடியில் குற்றாலத்துக்கு வந்து, ஒரு சின்ன சாஸ்தா கோவிலில் ஒரு பிடி கதிர் வாங்கிப் போனவர் நீங்கள் என்றால், அதை விதைக்காதீர்கள். கலந்திருந்தால் அவித்துப் புதைத்துவிடுங்கள். விதைத்தே விட்டிருந்தாலும் கோபிக்க யாரும் இல்லை, பனையடிக்குளத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நீங்கள் அவர் இல்லை என்றால், வயல் வைத்திருக்கிற ஒருவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவரை வடக்கே இருக்கிற இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பிசானத்துக்கு விதை ஊறப்போடும் முன் அது போய்ச் சேர வேண்டும்.